சிதைவு என்று எழுதியிருந்தார்கள்

1

மைசூர் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. தசரா ஊர்வலத்தைப் பற்றி எழுதலாம், யானைகளைப் பற்றி எழுதலாம் என்றும் சொல்லியிருந்தார். முப்பத்தெட்டு வருடம் இங்கே இருந்த பிறகு யானை வருகிறதென்றால் எந்தத் தெருவை மறிப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது எழுத வேண்டியதாக ஒன்று நடந்துவிட்டது.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். மன்னார்க் கரையைச் சேர்ந்தவள். பெயர் திரேசா. இங்கே ‘தெரேசா சிஸ்டர்’. தாதிமாரை சிஸ்டர் என்று கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். என் கணவர் பீட்டர் மைசூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் போய் நாலு வருடம். ஒரே மகள் ஷீலா இங்கே ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறாள். நானும் அவளும் என்.ஆர். மொஹல்லாவில் பீட்டர் கட்டிய வீட்டில் இருக்கிறோம்.

சென்ற ஆடியில் ஷீலாவின் கல்லூரியில் ஒரு நாள் கருத்தரங்கு நடந்தது. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஒருவரை அழைத்திருந்தார்கள். சில ஆயுதக் குழுக்கள் ஏன் நீடிக்கின்றன, சில ஏன் மறைந்துபோகின்றன என்பது தலைப்பு. இரண்டு மாதமாக ஷீலா அதற்காக ஓடிக்கொண்டிருந்தாள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, வந்து முன்வரிசையில் உட்காருங்கள் என்றாள். மகள் மேடையில் நிற்பதைப் பார்க்க எந்தத் தாய்க்குத்தான் ஆசையில்லை. தலைப்பைக் கேட்டபோதே போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

பேராசிரியர் நல்லவர். எளிமையான ஆங்கிலத்தில் பேசினார். திரையில் கோடுகள் வந்தன. நீண்ட கோடு என்றால் நீண்ட காலம் நின்ற இயக்கம், குட்டைக் கோடு என்றால் சீக்கிரம் போய்விட்டது. பல தேசத்துக் கோடுகள். பிறகு எங்கள் தீவுக்கு வந்தார். ஒரு அட்டவணை. ஐந்தாவது வரியில் எங்கள் இயக்கத்தின் பெயர் இருந்தது.

அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அதில் இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக அதை மறுபடி எழுப்பி நிற்கவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் முப்பத்தெட்டு வருடம் வாயால் சொல்லாத ஒரு பெயரை ஆங்கில எழுத்தில், என் கையளவு பெரிய எழுத்தில், சுவரில் பார்த்தேன். பக்கத்தில் மூன்று கட்டங்கள். ஆயுள், ஆறு ஆண்டுகள். முடிவு, சிதைவு. காரணம், பலவீனமான தலைமை, வெளி ஆதரவு இழப்பு.

2

கேள்வி நேரம் வந்ததும் நான் கையைத் தூக்கினேன். ஷீலா மேடையில் பேராசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஏதோ தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்திருப்பாள். ஒரு மாணவி ஒலிவாங்கியைக் கொண்டுவந்து தந்தாள்.

என் ஆங்கிலம் மருந்துச் சீட்டுக்குப் போதும், இதற்குப் போதாது. கன்னடத்தில் சொன்னேன். அந்த ஐந்தாவது வரியில் இருக்கும் இயக்கத்தில் நான் இருந்தேன், அது சிதையவில்லை என்றேன். அதுவரை சரி. அடுத்து, நாங்களே கலைத்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். நான் தமிழில் நினைத்துக் கன்னடத்தில் பேசுகிறவள். “நாவே கலசிபிட்வி” என்றேன்.

மண்டபம் சிரித்தது. கன்னடத்தில் ‘கலசு’ என்றால் பிசைவது. சாம்பாரும் சோறும் போட்டுப் பிசைவோமே, அது. இயக்கத்தை நாங்களே பிசைந்துவிட்டோம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஷீலா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், தன் ஒலிவாங்கியில் சரியான சொல்லைச் சொன்னாள். “விசர்ஜனெ.” சட்டசபையைக் கலைப்பதற்கும் பிள்ளையாரை ஆற்றில் கரைப்பதற்கும் இங்கே அந்தச் சொல்தான். எங்கள் ஊர்க் காதில் அது விசர், அதாவது பைத்தியம், பிடித்த சனம் என்று விழும். சரி, அதுவும் பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். ஷீலாவை மொழிபெயர்க்கச் சொன்னார். எப்படிக் கலைத்தீர்கள், எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்டார். முகாமில் முப்பத்தொன்பது பேர், ஒரு மத்தியானத்தில் கலைத்தோம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, மரியாதையாகத்தான், அதுவும் ஒருவகைத் தோல்விதானே என்று கேட்டார்.

அப்போதுதான் அந்த வார்த்தைகள் வந்தன. எங்களில் ஒருவரை நாங்களே கொன்றோம், இரண்டாவது ஆளைக் கொல்ல வந்தபோது நிறுத்தினோம், அதை எழுத உங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை என்றேன்.

ஷீலா மொழிபெயர்த்தாள். ‘கொன்றோம்’ என்ற இடத்தில் நின்றாள். பிறகு அந்தச் சொல்லைத் தன் வாயால் ஆங்கிலத்தில் சொன்னாள். என் மகள் தன் தாயைப் பற்றி அந்த விஷயத்தைத் தெரிந்துகொண்டது அப்படித்தான், இருநூறு பேருக்கு முன்னால், தானே அதை மொழிபெயர்த்து.

3

அன்று ஸ்கூட்டரில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வீடு வந்தேன். ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஒன்பது நாளும் அப்படியே. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாள். மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்பாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கன்னடத்தில் யாருடனோ தொலைபேசியில் பேசுவாள். மாணவர்கள் எடுத்த காணொளி ஊரெல்லாம் போய்விட்டது என்று எனக்குச் சொன்னது கோயிலில் பாடுகிற ஒரு அம்மாதான், ஷீலா அல்ல.

அவளுக்குத் தமிழ் பேச வரும், மைசூர்த் தமிழ். பாதியில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொய் என்று சொல்ல மாட்டாள், சுள்ளு என்பாள். அல்லவா என்பதை அல்வா என்பாள். சின்ன வயதில் அதற்கு நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதற்கு நான்தான் காரணம். பீட்டர் பல தடவை சொன்னார், பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடு, உங்கள் ஊர்த் தமிழ் நல்ல தமிழ் என்று. பிறகு பார்க்கலாம் என்றேன். வேலை அசதி என்றேன். போன இடத்தில் பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள் என்று புலம்பெயர்ந்தவர்கள் எழுதுவதை நீங்கள் நிறைய வாசித்திருப்பீர்கள். என் பிள்ளை மறக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. அவள் தமிழ் வாசிக்கப் பழகினால் என்றைக்காவது, எங்காவது, நான் தட்டச்சில் அடித்த ஒரு தாள் அவள் கையில் கிடைக்கும் என்ற பயம். நடக்கக்கூடிய காரியமா? இல்லை. பயத்துக்கு அது தெரியாதே.

பத்தாம் நாள் காலையில் அடுக்களைக்கு வந்தாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்பை நிறுத்தினாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன். சுள்ளு சொல்லாதீங்க. நீங்க யாரையாவது கொன்னீங்களா?”

“சுடேல்லை” என்றேன். “ஆனா செத்த ஒரு ஆளைப் பற்றிப் பொய் அடிச்சனான், மகள். தட்டச்சிலை. அது என்ரை கையாலை நடந்தது.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்லூரிக்கு வரவில்லை என்று யாருக்கோ செய்தி அனுப்பினாள். நான் சொன்னேன்.

4

பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். என் அண்ணனை ராணுவம் பிடித்துக்கொண்டு போய், நடக்க முடியாத ஆளாக்கி மூன்று மாதத்தில் திருப்பி விட்டது. சேர்வதற்கு அது போதும். அதற்காக இன்றைக்கும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். படகில் இந்தக் கரைக்கு வந்தோம். தமிழ்நாட்டில் ஒரு சவுக்குத் தோப்புக்குள் எங்கள் முகாம். எனக்குத் தமிழ்த் தட்டச்சுத் தெரியும் என்றதும் துப்பாக்கிப் பயிற்சியிலிருந்து எடுத்து ஒரு ஓலைக் கொட்டிலில் உட்காரவைத்தார்கள். ஒரு தட்டச்சு இயந்திரம், பிரதி எடுக்க ஒரு ரோனியோ இயந்திரம். இயக்கத்தின் அறிக்கைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் நான் மெழுகுத் தாளில் அடிப்பேன். வசந்தன் ரோனியோவில் போட்டுச் சுற்றி எடுப்பார்.

வசந்தன் என்பது இயக்கம் வைத்த பெயர். எங்கள் கரைதான், மீன்பிடிக் குடும்பம். எந்தப் படகு எஞ்சினையும் கழற்றிப் பூட்டுவார். ரோனியோ மையும் எஞ்சின் எண்ணெயும் கலந்து அவருடைய நகங்கள் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். குறைவாகக் கதைப்பார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும், தலைவரிடம் சொன்னார். தாய்க்குச் சுகமில்லை, வீட்டுக்குப் போக வேண்டும், திரும்பி வருவேன் என்று பொய் சொல்ல விருப்பமில்லை, இதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்றார். ஒளித்துப் போயிருக்கலாம். பலர் அப்படித்தான் போனார்கள். இவர் கேட்டுவிட்டுப் போக நினைத்தார்.

தலைவர் கோபப்படவில்லை. அடுத்த கிழமை படகு போகிறது, அதில் போம் என்றார். நாலாம் நாள் வசந்தனைக் காணவில்லை. முந்தைய படகிலேயே போய்விட்டார் என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் காலையில் தலைவர் தன் கையால் எழுதிய ஒரு தாளோடு என் கொட்டிலுக்கு வந்தார். ஆறு வரி. வசந்தனின் சொந்தப் பெயர், ஊர், தகப்பன் பெயர். எதிரிக்குத் தகவல் கொடுத்த துரோகி, மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அவர் என்ன செய்தவர் என்று கேட்டேன். “அடியும், தங்கச்சி” என்றார்.

அடித்தேன். இதைத்தான் ஷீலாவிடம் சொல்லும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. யாரும் என் தலையில் துப்பாக்கி வைக்கவில்லை. மூன்றாவது வரியில் ஒரு எழுத்துப்பிழை விட்டேன். திருத்தும் திரவத்தைப் பூசி, காயும்வரை ஊதி, சரியாக அடித்தேன். அந்தப் பொய்யில் ஏன் பிழை இருக்கக்கூடாது என்று நினைத்தேன் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வசந்தன் இல்லாததால் ரோனியோவையும் நானே சுற்றினேன். கட்டுகள் படகில் போயின. அவருடைய ஊர்க் கோயில் மதிலிலும் சந்தையிலும் ஒட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று கிழமை போயிற்று. ஒரு மத்தியானம் தலைவர் இன்னொரு தாளோடு வந்தார். அதே ஆறு வரி. பெயர் மட்டும் வேறு. கண்ணன். வசந்தனின் உடலை எங்கே புதைத்தீர்கள் என்று இரண்டு நாளுக்கு முன்னால் கேட்டிருந்தவர். கொட்டில் வாசலால் எட்டிப் பார்த்தேன். சமையல் கூடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது என்று தாளில் எழுதியிருக்கிறது. ஆள் வெங்காயம் உரிக்கிறார்.

நான் அடிக்க மாட்டேன் என்றேன். தலைவர் சிரித்தார். கையால் எழுதினாலும் சனம் வாசிக்கும் தங்கச்சி என்று சொல்லித் தாளை எடுக்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. தாளோடு எழுந்து சமையல் கூடத்துக்கு நடந்தேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஆறு வரியையும் சத்தமாக வாசித்தேன். கண்ணன் உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்தபடி, தன்னைக் கொன்றாயிற்று என்ற செய்தியைக் கேட்டார். பிறகு, முதலாவது தாளும் இப்படித்தான், அதுவும் பொய், அதை அடித்தது நான் என்று சொன்னேன்.

எங்களுக்குச் சமைத்தவர் யோகண்ணை, பருத்த மனிதர். அவர்தான் முதலில் வாய் திறந்தார். குப்பை போட என்று சொல்லித் தன்னிடம் குழி வெட்டுவித்தார்கள், அடுத்த நாள் அது மூடியிருந்தது, தான் கேட்கவில்லை என்றார். இன்னொருவர், அன்றைக்கு வாகனம் ஓட்டியது தான் என்றார். இன்னொருவர், வசந்தனின் கை மணிக்கூடு தன்னிடம் இருக்கிறது, தந்தார்கள், வாங்கினேன் என்றார். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. எல்லாத் துண்டும் சேர்ந்தபோதுதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஆளைக் கொன்றிருக்கிறோம் என்று தெரிந்தது.

தலைவர் கைத்துப்பாக்கியோடு வாசலில் வந்து நின்றார். யாரும் எழும்பவில்லை. யோகண்ணை அகப்பையைக் கீழே வைக்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்.

“தோழர், நீங்கள் போங்கோ. நாங்கள் சாப்பிட்டிட்டுக் கலையப்போறம்.”

அன்று பின்னேரமே அவர் எங்களோடு சாப்பிட உட்காராத தன் காவல்காரர் ஏழு பேரோடும் நல்ல ஆயுதங்களோடும் போய்விட்டார். அடுத்த நாள் கலைப்பு அறிக்கையை நான் அடித்தேன். அதில் வசந்தனைப் பற்றி எழுதுவதா என்று இரவுவரை வாக்குவாதம். எழுதினால், மற்றக் குழுக்களை அழித்துக்கொண்டிருந்த பெரிய இயக்கம் அதைக் காரணமாக வைத்து எங்கள் எல்லோரையும் தேடும் என்றார்கள் பலர். அதில் நியாயம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அறிக்கையில் வசந்தன் இல்லை.

பிறகு ஒவ்வொருவரும் ஒரு திசை. ஊருக்குத் திரும்பியவர்களில் இரண்டு பேரைப் பெரிய இயக்கம் சுட்டது. கண்ணன் ஒரு குளிர் தேசத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். என்னைக் கன்னியாஸ்திரிகள் சேர்த்துக்கொண்டு, தாதிப் பயிற்சிக்கு மைசூருக்கு அனுப்பினார்கள்.

5

ஷீலா அழவில்லை. வாத்தியார் பிள்ளை, வாத்தியார். முதலில் தர்க்கம்தான் வந்தது.

“கலைச்சதாலே ரெண்டு பேர் செத்தாங்க, அல்வா? துப்பாக்கி கையில இருந்திருந்தா அவங்க பொழச்சிருப்பாங்களே?”

இருக்கலாம் என்றேன். அந்த இரண்டு பேரின் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது, அதிலிருந்து நான் தப்பவில்லை.

பிறகு நாலைந்து நாள் அடுக்களையில் இதே பேச்சாக இருந்தது. பேராசிரியர் சொன்ன காரணங்களை அவள் ஒவ்வொன்றாக விளக்கினாள். வெளியே இருந்து ஆதரவு வர வேண்டும், ஒளிந்திருக்கக் காடு வேண்டும், அரசாங்கம் அடிக்க அடிக்க ஆள் சேர வேண்டும், அப்போதுதான் ஒரு குழு நீடிக்கும் என்றாள். எல்லாம் சரி. என் அண்ணனின் காலை உடைத்தவர்கள்தான் என்னை இயக்கத்துக்கு அனுப்பினார்கள், அதை நான் மறுக்க முடியுமா?

ஆனால் உள்ளே இருந்தவளுக்கு இன்னொன்று தெரியும். ஒரு இயக்கத்தை விட்டு உயிரோடு வெளியேற வழி இருந்தால் அது மெல்லக் குறையும். சனம் களைத்துப்போகும், காதலிக்கும், தாய்க்குச் சுகமில்லை என்று போகும். அது மனித இயல்பு. வெளியேறுகிறவன் துரோகி என்று ஆக்கிவிட்டால் குறையாது. அதற்கு ஒரு தாள் வேண்டும், அதை அடிக்க ஒரு ஆள் வேண்டும். எல்லா இயக்கத்திலும் முதல் தாளை அடிக்க என்னைப்போல ஒருத்தி இருப்பாள். இரண்டாவதையும் அடித்துவிட்டால், பத்தாவதை அடிக்கும்போது கை தானாகப் போகும். அதற்குப் பிறகு செத்தவர்கள் வேறு சேர்ந்துவிடுகிறார்கள். இவ்வளவு பேர் செத்தபிறகு எப்படி நிறுத்துவது என்று உயிரோடிருப்பவர்கள் கேட்கத் தொடங்கினால், அந்த இயக்கத்துக்கு ஆயுசு கெட்டி.

பெரிய இயக்கத்தில் இருந்தவர்கள் எங்களைவிடக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களைவிடத் துணிந்தவர்கள் அதில் இருந்தார்கள். என் மாமி மகனும் அதில்தான் போய்ச் சேர்ந்தான், திரும்பி வரவில்லை. அங்கேயும் யாரோ ஒருத்தி இரண்டாவது தாளோடு எழுந்து நின்றிருப்பாள். அவளுக்கு யோகண்ணை கிடைத்திருக்க மாட்டார்.

நீடித்தது என்பதைப் புகழ்ச்சியாகச் சொல்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இருக்கிறது. நின்றுபோனதைச் சிதைவு என்று எழுதுகிறவர்களிடமும் இருக்கிறது. முப்பத்தொன்பது பேர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து, துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு, போதும் என்று சொன்னார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த வீரம் அது ஒன்றுதான். ஊரில் இதை வாசிக்கிற சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். துரோகி என்ற சொல்லை எத்தனையோ தடவை கேட்டவள் நான். அதை எப்படித் தயாரிப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

6

இதற்கிடையில் என் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்துவிட்டது.

படகில் வந்தவள் என்பதால் எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கவில்லை. இந்த நாட்டவரைக் கட்டி, இந்த நாட்டுப் பிள்ளையைப் பெற்று, இந்த ஊரில் ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்தாலும், தாளில் நான் வெளிநாட்டவர். ஒவ்வொரு வருடமும் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டும். படிவத்தை எப்போதும் பீட்டர்தான் நிரப்புவார். அவர் போன பிறகு ஷீலா. அதில் ஒரு கேள்வி, எந்த ஆயுதக் குழுவிலாவது உறுப்பினராக இருந்தீர்களா என்று. இல்லை என்று எழுதுவார். நான் கையெழுத்து வைப்பேன். பீட்டருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் எழுதினார். ஷீலா பழைய படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதினாள்.

இந்தத் தடவை நான் எழுதுகிறேன் என்றேன். ஷீலாவுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. காணொளி இருக்கிறது, ஆனால் படிவத்தில் எழுதுவது வேறு, அம்மா, நிராகரித்துவிட்டால் அகதி முகாமுக்கு அனுப்புவார்கள், அறுபது வயதுக்கு மேல் உங்களால் அங்கே இருக்க முடியுமா என்றாள். ஒரு வக்கீலைக் கேட்டாள். அவரும் வேண்டாம் என்றார். நான் ஆம் என்று எழுதினேன். எப்போது விலகினீர்கள் என்ற இடத்தில், விலகவில்லை, கலைத்தோம் என்று கன்னடத்தில், இந்தத் தடவை சரியான சொல்லைப் போட்டு எழுதினேன்.

அலுவலகத்தில் இருக்கும் அம்மாவுக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். அவருடைய தங்கையின் பிரசவத்துக்கு நான் இருந்திருக்கிறேன். படிவத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, கை தவறி எழுதிவிட்டீர்களா, வேறு படிவம் தருகிறேன், சிஸ்டர் என்றார் மெதுவாக. அவர் எனக்கு நல்லதைத்தான் நினைத்தார். இவ்வளவு வருடமும் எழுதியதுதான் கை தவறி எழுதியது, மேடம், இது சரி என்றேன்.

மூன்று தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மரியாதையாகவே நடத்தினார்கள். மூன்றாவது தடவை வந்த இளம் அதிகாரி, மற்ற உறுப்பினர்களின் பெயர்களைச் சொன்னால் கோப்பு வேகமாக நகரும் என்றார். என்னைப் பற்றி எதுவும் கேளுங்கள், மற்றவர்களைப் பற்றி ஒரு எழுத்தும் தர மாட்டேன் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில், ஒரு வருடத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு என்னவென்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

7

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஷீலா ஸ்கூட்டரை எடுக்காமல் நின்றாள். எதையோ பல நாளாக வைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

“வசந்தன் வீட்டுக்கு இது கொத்தாம்மா? அவரு துரோகி இல்லேன்னு?”

கொத்தா என்றால் தெரியுமா. தெரியாது என்றேன். தாய் எப்போதோ போயிருப்பார். ஒரு சகோதரி இருந்தார். அந்தத் தாளுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தோடு யாரும் சம்பந்தம் வைக்கவில்லை என்று ஒருமுறை கேள்விப்பட்டேன். மறுப்பு எதுவும் நாங்கள் வெளியிடவில்லை. முதலில் பயம். பிறகு போர். பிறகு, இவ்வளவு காலம் கழித்து எதற்கு என்று ஒரு சமாதானம்.

“அப்போ நீங்க இன்னும் கலைக்கல, அம்மா” என்றாள் என் மகள். “அந்தப் பேப்பர் இன்னும் ஓடிட்டிருக்கு.”

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். ஷீலாவுக்கு வாசிக்க முடியாது. ஒவ்வொரு பக்கமாக நான் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில், இங்கே உங்களைக் காப்பாத்திக்கறீங்க என்றாள். அந்த இரண்டு இடத்தையும் வெட்டிவிட்டேன்.

யானைகளைப் பற்றிக் கேட்ட ஆசிரியர் இதைப் போடுவாரா என்று தெரியாது. போட்டால், கீழே உள்ளதை ஒரு எழுத்தும் மாற்றாமல் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இயக்கத்தில் வசந்தன் என்று அழைக்கப்பட்ட மரியான் ஜேசுதாசன் துரோகி அல்ல. அவர் யாருக்கும் எந்தத் தகவலும் கொடுக்கவில்லை. சுகமில்லாத தாயிடம் போக வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் அனுமதி கேட்டார். அதற்காக அவரை நாங்கள் கொன்றோம். அவரைப் பற்றிய துண்டுப்பிரசுரத்தின் ஆறு வரியும் பொய். அதை அடித்தவள் நான், மன்னார்க் கரையைச் சேர்ந்த செபமாலை திரேசா, இயக்கப் பெயர் கயல்.

அவருடைய சகோதரி பிலோமினா உயிரோடு இருந்தால் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கோயிலில், சனத்துக்கு முன்னால், நேரில் வந்து சொல் என்று அவர் கேட்டால் வருவேன். என்னிடம் கடவுச்சீட்டு இல்லை. இந்த நாட்டை விட்டு ஒரு தடவை வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஷீலாவுக்கும் அது தெரியும். கேட்டால் வருவேன்.